ஏசிக்குக் கீழே வைத்த பக்கெட்

பத்தொன்பது வருடம் நான் அடுத்தவர்கள் வீட்டைக் குளிர வைத்துக்கொண்டிருந்தேன். சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக் வேலை. ஜூலை மாத மதியத்தில் மொட்டை மாடியில் நின்று வேலை பார்க்கும்போது ஸ்பேனர் கையைச் சுடும். ஈரத்துணி சுற்றித்தான் பிடிப்போம். அதனால் யாராவது என்னிடம் வெயிலைப் பற்றிப் புலம்பினால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஊரிலிருந்து மனைவி போன் செய்தாலும் அப்படித்தான்.

"இங்க வெயில் தாங்கலைங்க."

"அதெல்லாம் ஒரு வெயிலாம்மா? இங்க வந்து பாரு, அம்பது டிகிரி."

அவள் உடனே பேச்சை மாற்றிவிடுவாள். மகளின் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். நான் எப்போதும் டிசம்பரில்தான் லீவு எடுத்து வருவேன். அப்போது எங்கள் ஊர் கூனிமேட்டில் காற்று சில்லென்று அடிக்கும், கிணறுகளில் தண்ணீர் மேலே நிற்கும். ஒரு மாதம் மீனும் பிரியாணியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். நான் கட்டிய வீட்டில் ஒரு கோடையைக்கூட நான் கழித்ததில்லை. அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

போன வருடம் மார்ச் தொடக்கத்தில் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டேன். வந்த மூன்றாம் நாளே புதுச்சேரிக்குப் போய் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி ஒன்றை வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இத்தனை வருடம் ஊரில் உள்ளவன் வீட்டுக்கெல்லாம் மாட்டியவன், என் மனைவியும் மகளும் ஒரு நாளாவது குளிரில் தூங்கட்டும் என்று ஆசை. பெட்டியைக் கூடத்தில் இறக்கி வைத்தபோது மனைவி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. இதுக்குப் பதிலா ஒரு பெரிய தண்ணி டேங்க் வாங்கிட்டு வந்திருக்கலாம்."

"டேங்க் வாங்கினா அதுல ஊத்தறதுக்குத் தண்ணி வேணாமா?"

"அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முந்தைய மழைக்காலம் எங்களை ஏமாற்றியிருந்தது. தீபாவளியை ஒட்டி இரண்டு மழை, அப்புறம் ஒன்றுமில்லை. புயல் வரும் வரும் என்று டிவியில் காட்டினார்கள். அது ஆந்திராப் பக்கம் போய்விட்டது. நான் வந்தபோதே எங்கள் போர் தண்ணீர் கரிக்கத் தொடங்கியிருந்தது. கடற்கரை ஊரில் மழை இல்லாவிட்டால் கடல் மண்ணுக்கு அடியிலேயே நடந்து வந்துவிடும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்புப் போட்டால் நுரை வராது, திரிதிரியாகப் பிரிந்து கையில் ஒட்டும். தெருக்குழாயில் நல்ல தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்தது. ஏப்ரலில் அது நான்கு நாளுக்கு ஒருமுறை என்று ஆனது.

ஏசியின் வெளி யூனிட்டை வைக்க இடம் பார்க்கலாம் என்று மொட்டை மாடிக்கு ஏறினேன். ஏறியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாடி முழுக்கத் தென்னங்கீற்று. மூலைக்கு மூலை செங்கல் வைத்து, வரிசை வரிசையாகப் பரப்பியிருந்தது. தெருவில் இருந்து பார்த்தால் ஓரத்தில் நுனிகள் நீட்டிக்கொண்டு தெரியும். எங்கள் தெருவில் கண்ணாடி ஜன்னலும் கிரானைட் படிகளும் உள்ள வீடு எங்களுடையதுதான். பிளானை நானே அங்கிருந்து போனில் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். கூடத்துக்கு மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. அப்படிப்பட்ட வீட்டுத் தலையில் கீற்று!

"மெத்தை வீட்டு மேல கீத்து போட்டு வச்சிருக்கறியே, பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?" என்று கீழே இறங்கி வந்து கேட்டேன்.

"வெயிலுக்குத்தாங்க. வருசா வருசம் போடறதுதான். எடுத்துட்டா உள்ள இருக்க முடியாது."

"இனிமே ஏசி இருக்குதில்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பத்தொன்பது வருட அனுபவஸ்தன் அல்லவா? "உங்க இஷ்டம்" என்றாள். அன்று மாலையே கீற்றை எல்லாம் கீழே தள்ளினேன். ஆட்டுக்கொட்டகை போடுகிறோம் என்று கேட்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டேன். மாடி துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

ஏசியைப் படுக்கையறையில் மாட்டியது ஒரு திருவிழா. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். மகள் புத்தகங்களோடு அந்த அறையில் குடியேறிவிட்டாள். அவளுக்குக் கல்லூரித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எவ்ளோ வைக்கட்டும்? இருவது வைக்கட்டுமா?" என்று கேட்டபடி அலைந்தேன். மார்ச் முழுவதும் நான்தான் அந்த வீட்டின் ராஜா.

ஏப்ரல் நடுவில் ஒருநாள் மதியம் ஸ்டெபிலைசர் டக்கென்று சத்தம் போட்டு அணைந்தது. மறுபடி டக். மறுபடி டக். மீட்டர் வைத்துப் பார்த்தேன். வோல்டேஜ் நூற்று ஐம்பதுக்கும் கீழே கிடந்தது. அதில் ஏசி எப்படி ஓடும்? ஃபேனே, போகட்டுமா வேண்டாமா என்று யோசித்துச் சுற்றியது. லைன்மேனைப் பிடித்தேன். அவர் டிரான்ஸ்ஃபார்மரைக் கைகாட்டினார்.

"பாய், இந்தத் தெருவுல மட்டும் புதுசா ஒம்போது ஏசி. எல்லாரும் கல்ஃப்ல இருந்து வந்து மாட்டிடறீங்க. இது பாவம், எத்தினி பேரைத் தாங்கும்? காலைல ஓட்டுங்க, நல்லா ஓடும். பன்னெண்டு மணிக்கு மேல என்னைத் திட்டாதீங்க."

அன்று தொடங்கி எனக்கு எங்கள் வீடு என்னவென்று தெரிந்தது. கீற்று போன மாடி காலை பத்து மணிக்குள் தோசைக்கல் ஆகிவிடும். அந்தச் சூடு காங்கிரீட் வழியாக மெதுவாக இறங்கி, பிற்பகலில் நம் தலைக்கு மேலே வந்து நிற்கும். மூன்று மணிக்கு மேற்குக் கண்ணாடி வழியாக வெயில் கூடத்துக்குள் நடந்து வந்து சோபாவில் உட்காரும். மற்ற நாட்களில் ஒரு மணிவாக்கில் கடற்காற்று வந்து காப்பாற்றும். அந்த வாரம் மேல்காற்று பலமாக இருந்ததால் கடற்காற்று நான்கு மணிவரை எட்டிப் பார்க்கவில்லை. தம்மாமில் வேலை முடிந்தால் குளிர்ந்த அறைக்குள் போய்விடுவோம், குளிர்ந்த வேனில் ஏறுவோம். வெயில் எங்களுக்கு வேலை நேரத்தில் மட்டும்தான். இங்கே வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டிருக்கும்போதே வெயில். நான் சட்டையைக் கழற்றினேன். பனியனைக் கழற்றினேன். அதற்குமேல் கழற்ற ஒன்றுமில்லை.

மனைவி ஒரு வார்த்தைகூட என்னைக் குத்திக் காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டாம் நாள் நான் கூடத்தில் தவித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து, "அங்க ஏன் உக்காந்திருக்கறீங்க? இந்த நேரத்துக்கு அங்க யாராவது உக்காருவாங்களா? வாங்க இப்படி" என்று கூப்பிட்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்த ரகசியம் தெரிந்தது. எங்கள் வீட்டில் குளிர்ச்சி ஓரிடத்தில் இருப்பதில்லை. அது நடந்துகொண்டே இருக்கிறது. காலை பத்தரை வரை கூடத்தின் தெற்கு மூலை. பிறகு பின்வாசல் கதவோரம் மூன்று டைல்ஸ். பன்னிரண்டு மணிக்குமேல் அடுக்களைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவில் உள்ள சந்து. இரண்டு மணிக்கு மேல் மாடிப்படிக்கு அடியில், இரண்டு பேர் நெருக்கிப் படுக்கும் அளவு இடம். என் மனைவியும் மகளும் தலையணையைத் தூக்கிக்கொண்டு அந்தக் குளிர்ச்சியின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்கள், கடிகாரமே பார்க்காமல். காலை ஏழு மணிக்குள் சமையல் முடிந்துவிடும். எட்டு மணிக்கு எல்லா ஜன்னலும் மூடி, பழைய போர்வைகளை நனைத்துப் பிழிந்து மேற்குக் கண்ணாடியில் தொங்கவிட்டுவிடுவாள். அது கரிப்புத் தண்ணீரில் நனைத்ததால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்திருக்கும். நான் மார்ச்சில் அதைப் பார்த்து அழுக்கு என்று நினைத்து எடுத்துவிட்டிருந்தேன்.

படிக்கட்டுக்கு அடியில் எனக்கும் இடம் விட்டு நகர்ந்து படுத்தாள். தரை நிஜமாகவே ஜில்லென்று இருந்தது.

"இந்த எடம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க போன்ல அம்பது டிகிரி, அம்பது டிகிரின்னு சொல்லுவீங்களே, அப்ப நான் இங்கதான் படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எதிர்ப்பக்கமிருந்து மகள், "அத்தா, கால மடக்குங்க, என் டைல்ஸ்ல வருது" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். பத்தொன்பது வருடத்தில் நாங்கள் மூவரும் அவ்வளவு நெருக்கமாகப் படுத்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

கீற்றை மறுபடி போட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். கேட்டால், தென்னை எல்லாம் காய்ந்து கிடக்கிறது, கீற்று முடைய மட்டையே இல்லை என்றார்கள். கொடுத்த கீற்றைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. அதற்குக் கீழே ஆடுகள் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அப்போது கைகொடுத்தவன் என் நண்பன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மரக்காணத்தில் குத்தகைக்கு உப்பளம் வைத்திருக்கிறான். உப்பள வேலை விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். பத்து மணிக்கெல்லாம் பைக்கில் எங்கள் வீட்டு வழியாக வந்து டீ குடித்துவிட்டுப் போவான். ஊரே வெயிலைச் சபித்துக்கொண்டிருந்த அந்த வருடத்தில் மலர்ந்த முகத்தோடு திரிந்த ஒரே ஆள் அவன்தான்.

"இந்த மாதிரி வெயிலு அடிச்சி எத்தினி வருசமாச்சு தெரியுமா பாய்? பாத்தியில தண்ணி உட்டா நாலாம் நாளு உப்பு கல்லு கல்லா வெளையுது. கண்ணு கூசுது."

"அண்ணே, நீங்க வாயை மூடுங்க. நீங்க கேக்கறதாலதான் மழையே வரல" என்று அடுக்களையிலிருந்து என் மனைவி சத்தம் போடுவாள்.

"உனுக்கு மழ வேணும், எனுக்கு வெயிலு வேணும், சாமி யாரு பேச்சத்தான் கேக்கும் தங்கச்சி?"

என் கீற்றுக் கதையைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "கல்ஃப்ல ஏசி மாட்டினவரு, கீத்தத் தூக்கிப் போட்டுட்டாரா!" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏம்பா, எங்கிட்ட கெடக்குதே. உப்பக் குவிச்சு வைக்கற அம்பாரம் மூடறதுக்கு வச்சிருக்கற கீத்து. மழ வர்ற வரைக்கும் அதுக்கு வேல இல்ல. எடுத்துக்க" என்றான்.

மறுநாள் காலை அவனோடு உப்பளத்துக்குப் போனேன். அந்தப் பக்கம் மரம் என்று ஒன்று கிடையாது. சூரியன் வருமுன்பே பாத்திகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. ஆண்களும் பெண்களும் ரப்பர் செருப்போடு நின்று நீண்ட பலகையால் உப்பை இழுத்து வரப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏழு மணிக்கு வெயில் கீழே உப்பில் பட்டு எழும்பி என் தாடைக்கு அடியில் சுட்டது. மேலேயிருந்து வரும் வெயிலுக்குத் தொப்பி போடலாம். கீழேயிருந்து வருவதற்கு என்ன செய்வது? ஒரு அம்மா, என் தலையில் போட்டிருந்த துண்டைத் தாடைக்குக் கீழே சுற்றிக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் காட்டினார். அப்படிக் கட்டிக்கொண்டுதான் கொட்டகையிலிருந்து கீற்றை அள்ளி டெம்போவில் ஏற்றினேன். எட்டரைக்குத் தலை சுற்றிப் போய் டெம்போ நிழலில் உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் ஐம்பது டிகிரியைப் பற்றி நான் பேசவில்லை.

கீற்றை விரித்த இரண்டாம் நாளே வீடு மாறியது. விடியற்காலையில் வோல்டேஜ் நன்றாக இருக்கும். ஐந்து மணியிலிருந்து பத்து மணிவரை ஏசியை ஓட்டி அறையைக் குளிர வைத்தால், கீற்றின் தயவில் அந்தக் குளிர்ச்சி பன்னிரண்டு வரை நின்றது. அப்புறம் படிக்கட்டுக்கு அடியில்.

இதற்கு நடுவில்தான் அந்த பக்கெட் விஷயம் நடந்தது. ஏசி ஓடும்போது உள்ளே காற்றில் இருக்கும் ஈரம் நீராகி, ஒரு குழாய் வழியாக வெளியே சொட்டும். அந்தக் குழாயை நான் பின்பக்கச் சுவரில் விட்டிருந்தேன். சுவரில் பெயின்ட் உரிகிறது என்று மனைவி அதற்குக் கீழே ஒரு பக்கெட்டை வைத்தாள். காலை பத்து மணிக்குப் பார்த்தால் பக்கெட் முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதை எடுத்து, கரிப்புத் தண்ணீர்தானே எல்லாம் என்று நினைத்துத் துணிக்கு ஊற்றிச் சோப்புப் போட்டிருக்கிறாள். அடுத்த நிமிடம் வீடே அதிரக் கத்தினாள்.

"ஏங்க! இங்க வாங்க! நுரை வருதுங்க!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு கையிலும் முழங்கைவரை வெள்ளை நுரை. இரண்டு மாதமாக நுரையே பார்க்காதவள் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். மகள் ஓடிவந்து அதிலிருந்து கொஞ்சம் அள்ளி என் மூக்கில் தடவினாள்.

எனக்கு ஒரே ஆச்சரியம். இந்தத் தண்ணீரோடுதான் நான் பத்தொன்பது வருடம் சண்டை போட்டிருக்கிறேன். குழாய் அடைத்துக்கொண்டது, கார்ப்பெட்டில் சொட்டுகிறது, சுவர் ஊறுகிறது என்று எத்தனை வீட்டில் திட்டு வாங்கியிருப்பேன்! எத்தனை பக்கெட் தண்ணீரை வடிகாலில் கொட்டியிருப்பேன்! அது மழைத்தண்ணீர் மாதிரி உப்பில்லாத தண்ணீர் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அது தண்ணீர் என்று மட்டும் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"இதக் குடிக்கலாமா?" என்று கேட்டாள்.

"குடிக்கக் கூடாது. உள்ள தூசி இருக்கும், செம்புக் கொழாய்ல பட்டு வருது. தொவைக்கலாம், தலைக்கு ஊத்தலாம், வீடு தொடைக்கலாம்."

"எந்த நேரத்துல போட்டா நெறைய வரும்?"

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தோரு வருடம். என் வேலையைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினேன். காற்றில் ஈரம் எவ்வளவுக்கு அதிகமோ அவ்வளவுக்குத் தண்ணீர் வரும், நம் கடற்கரைக் காற்றில் அதற்குப் பஞ்சமே இல்லை, விடியற்காலையில் ஈரம் அதிகம் என்றெல்லாம். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு மறுநாள் காலை ஏசியைப் போட்டதும் அறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்தாள்.

"ஏம்மா, கதவ மூடு! குளிர்ச்சி போவுது!"

"ஈரக்காத்து உள்ள வந்தாத்தானே தண்ணி வரும்? நீங்கதானே சொன்னீங்க?"

"அத்தா, அம்மா சரியாத்தான் சொல்றாங்க" என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

கதவை மூடு, கதவை மூடு என்று வாடிக்கையாளர்களிடம் கத்தியே தொண்டை வறண்டவன் நான். என் வீட்டில், என் கண்ணெதிரே, கதவைத் திறந்து வைத்து ஏசி ஓடியது. அன்று ஒரு பக்கெட் நிறைந்து வழிந்தது. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஏழு மணிவரை கதவு திறந்திருக்கும், அது அவள் நேரம். அதற்குப் பிறகு மூடியிருக்கும், அது மகள் படிக்கும் நேரம். எனக்கென்று நேரம் ஒதுக்கப்படவில்லை.

நுரை வந்த செய்தி தெருவில் பரவ அரைநாள்கூட ஆகவில்லை. லைன்மேன் சொன்ன மற்ற எட்டு ஏசி வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. "பாய், எங்க வீட்டுலயும் கொழாயத் திருப்பி விடுங்க." வேலையை விட்டு ஓய்வெடுக்க வந்தவன், பிளாஸ்டிக் குழாயும் கையுமாக வீடு வீடாகப் போனேன். அந்த வாரம் எங்கள் தெருவில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் பளிச்சென்று இருந்தது. குளித்துவிட்டு வந்த பெண்களின் தலைமுடி சடை பிடிக்காமல் பறந்தது என்று மனைவி சொன்னாள்.

பள்ளிவாசலில் நான்கு ஏசி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு ஊரே கூடும்போது மூச்சுக்காற்றின் ஈரமும் சேர்ந்து தண்ணீர் கொட்டும். அதையும் ஒரு டிரம்மில் விட்டால் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்ய ஆகுமே என்று, தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் கேட்டேன். அவர் உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்தார். வெளிச்சத்தில் பார்த்தார், மோந்து பார்த்தார், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"நெறமும் மாறல, மணமும் மாறல, ருசியும் மாறல. சுத்தமான தண்ணிதான். ஒளு தாராளமா செய்யலாம்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "கொஞ்சம் ஜில்லுன்னு இருக்குதே, வயசானவங்களுக்குத்தான் பழகணும்" என்றார். வயதானவர்கள்தான் அடுத்த வெள்ளி அந்தக் குழாய்க்கு முதலில் வந்து வரிசை கட்டினார்கள்.

மே மாதக் கடைசியில் ஜமாஅத்தில் மழைத் தொழுகைக்கு அறிவித்தார்கள். ஊருக்கு மேற்கே திறந்த திடலில், காலை வெயிலில் கூடித் தொழுது, மழை கேட்டு துவா செய்தோம். திரும்பி வரும்போது ரோட்டோரம் பைக்கை நிறுத்திவிட்டு என் நண்பன் காத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பாய், கேட்டாச்சா?"

"கேட்டாச்சு."

"கேக்கறதுதான் கேக்கறீங்க, உப்ப அம்பாரம் போட்டு முடிக்கறதுக்குப் பத்து நாளு டைம் வேணும்னு ஒரு வார்த்த சேத்துக் கேட்டிருக்கக் கூடாதா?"

பத்து நாளா, ஒரு மாதமே கிடைத்தது அவனுக்கு. ஜூன் கடைசியில் ஒரு பிற்பகல், மேற்கே வானம் நாவல் பழம் மாதிரி கறுத்தது. காற்று சட்டென்று நின்றது. மாடியில் கீற்று சலசலக்கும் சத்தம்கூட இல்லை. அந்த நேரம் தெருமுனையில் டெம்போ ஹாரன் அலறியது. நண்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்து இறங்கினான்.

"பாய், கீத்து! அம்பாரம் தெறந்து கெடக்குது!"

எல்லோரும் மாடிக்கு ஓடினோம். நானும் அவனும் கீற்றைச் சுருட்டிக் கீழே போட, மனைவியும் மகளும் இழுத்து டெம்போவில் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டு ஆட்கள் கேட்காமலே வந்து கை கொடுத்தார்கள். செங்கலை எடுத்துத் தூர வீசும்போது முதல் துளி என் முதுகில் விழுந்தது. சூடான மாடியில் துளி பட்டதும் ஆவி எழும்பியது. டெம்போ கிளம்பியபோது பெரிய துளிகள் தெருவில் பொட்டுப் பொட்டாக விழுந்துகொண்டிருந்தன. நண்பன் தலையை வெளியே நீட்டி, "துவாவ நிறுத்துங்க! அரை மணி நேரம் நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே போனான்.

மனைவிக்கு அதையெல்லாம் கேட்க நேரமில்லை. அண்டா, குடம், பிரியாணி தேக்சா, குழம்புச் சட்டி, மகளுடைய டிபன் பாக்ஸ் மூடி வரை வீட்டில் குழியாக இருந்த எல்லாம் மாடிக்கு வந்து சேர்ந்தன. மழை பிடித்துக்கொண்டது. இடி இடித்ததும் மூவரும் படிக்கட்டு வாசலுக்குள் ஒதுங்கி, மாடியில் நிரம்பும் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு சத்தம். தேக்சாவில் கணீரென்று, குடத்தில் களகளவென்று. தலை முதல் கால்வரை நனைந்திருந்த மனைவி முக்காட்டைப் பிழிந்து, பிழிந்த தண்ணீரைக்கூட அண்டாவை நோக்கி உதறினாள்.

நண்பன் இருட்டுவதற்குள் போன் செய்தான். பாத்தியில் கிடந்த உப்பு கரைந்துவிட்டது, அம்பாரம் மொத்தமும் தப்பிவிட்டது என்றான். குரலில் ஒரு வருத்தமும் இல்லை. "பின்னால ஆளுங்க எல்லாம் மழையில ஆடறாங்க பாய். நானும் போறேன்" என்று வைத்துவிட்டான்.

அந்த ஒரு மழையால் போர் தண்ணீர் திருந்திவிடவில்லை. அது தேறுவதற்கு அக்டோபர் ஆனது. மகள் தேர்வில் பாஸ் செய்துவிட்டாள். எனக்குப் பத்தொன்பது வருடத்தில் பழகாத ஒரு விஷயம் அந்தக் கோடையில் பழகியது: வெயில் காலத்தில் எழுந்ததும் மனைவியிடம், "இன்னிக்கு எங்க உக்காரணும்?" என்று கேட்பது.

இப்போது ஈ.சி.ஆர். ரோட்டோரம் சின்னதாக ஒரு ஏசி ரிப்பேர் கடை போட்டிருக்கிறேன். கோட்டக்குப்பத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். போன வாரம் பொம்மையார்பாளையத்திலிருந்து ஒரு அம்மா புது ஏசி மாட்ட யோசனை கேட்டு வந்தார். எத்தனை டன், எத்தனை ஸ்டார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் பாய். ஒரு நாளைக்கு எத்தினி பக்கெட்டு வரும்?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன், சாப்பாடு கொண்டு வந்திருந்த என் மனைவி பின்னாலிருந்து பதில் சொன்னாள்.

"கதவக் கொஞ்சம் தெறந்து வச்சீங்கன்னா ஒண்ணரை."